நீலக் குளவியின் சொந்தப் பெயர்

மெக்சிகோ நகரம்
அக்டோபர் 3, 1986

அன்புள்ள அக்கா,

உறையின் வெளிப்பக்கத்திலேயே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: "தலைநகரில் பெண்கள் மல்யுத்தத்துக்கு இருந்த தடையை எடுக்கப் போகிறார்கள்." என் கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவது உன் வழக்கம். இதுவரை பதினொன்று திரும்பி வந்திருக்கின்றன. இதையும் திருப்பி அனுப்பத்தான் நினைப்பாய். ஆனால் தபால்காரர் படித்து, தன் மனைவியிடம் சொல்லி, உன் கொர்திதா ரொட்டிக் கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் உன் வாயைக் கிண்டிய பிறகு, உள்ளே மீதி என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது. உன்னை எனக்குத் தெரியும்.

செய்தி உண்மைதான். மல்யுத்த ஆணையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் என் காதில் போட்டார். வருஷம் முடிவதற்குள் உத்தரவு வந்துவிடுமாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது அக்கா. நாட்டில் எந்த ஊர் கோதாவிலும் நீ இறங்கலாம், எவள் முதுகையும் தரையில் அழுத்தலாம், தலைநகரில் மட்டும் கால் வைக்கக் கூடாது என்றார்கள். நான் இருபத்துநாலு வருஷமாக இங்கே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கோதாவின் நடுவில் நின்று ஆண்களின் பெயரைக் கூவிக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்கு உன் பிடியில் அரை நிமிஷம் தாங்கத் தெம்பு கிடையாது.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். கறுப்பு மாலுமிக்கும் வெண்புலிக்கும் முகமூடிக்கு முகமூடி பந்தயம். மாலுமி தோற்றார். அதன் பிறகு என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியாததா? இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த மனிதர் முழங்காலிட்டார். பின்மண்டையில் கட்டியிருந்த நாடாவை அவரே அவிழ்த்தார். வென்றவன் குனிந்து ஒரு முடிச்சுக்குக் கை கொடுத்தான். முகமூடி கழன்று வந்ததும் உள்ளே ஒரு வழுக்கைத் தலை, மூக்கு உடைந்த சாதாரண முகம். நான் மைக்கை அவர் வாயருகே பிடித்தேன். பதினாறாயிரம் பேர், அக்கா. எங்கோ மேல் வரிசையில் ஒரு தகர டப்பா உருண்டது எனக்குக் கேட்டது. "என் பேரு எப்ராயின் பெரேதா. பொறந்த ஊரு சகதேகாஸ். இருபத்திரண்டு வருஷமா சண்டை போடறேன்." அவ்வளவுதான் சொன்னார். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. எனக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சிலிர்த்துவிட்டது.

இப்படி நாற்பது தடவை மைக் பிடித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகிறது. முகமூடி போட்டவனின் பெயர் அவனுடைய சொத்து. தோற்றால்தான் கொடுக்க வேண்டும், அதையும் தன் வாயால்தான் கொடுக்க வேண்டும். அந்த மூன்று வாக்கியம் உனக்குக் கிடைக்காமல் செய்தவன் நான். அது தெரிந்தேதான் கேட்கிறேன். நீ இந்தக் கோதாவில் ஏறும் நாளில் உன் பெயரை அறிவிக்க என்னை விடுவாயா?

உன் தம்பி,
ருத்திலியோ

---

தொர்ரெயோன்
அக்டோபர் 24, 1986

ருத்திலியோ,

தபால்காரர் படித்தார், மனைவியிடமும் சொன்னார். நேற்றுக் கடைக்கு வந்த ஒரு பயல், "ஏன் அக்கா, தலைநகரத்துல உங்களைக் கூப்பிடறாங்களாமே! போவீங்களா, இல்ல எங்களுக்கு அவரைப் பருப்பு வெச்ச கொர்திதா சுட்டுப் போட்டே காலத்தை ஓட்டுவீங்களா?" என்று கேட்டான். "முதல்ல போன வாரம் தின்னதுக்குக் காசைக் குடுடா" என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. என் வீட்டுக்காரர் மக்காரியோ வேறு, உறையை எண்ணெய்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொல்லை தாங்காமல்தான் பிரித்தேன்.

உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் என் வாயால் ஒரு தடவை கேள். 1958, மே மாதம், ஞாயிறு சாயங்காலம் நாலு மணி. நான் மூன்று வருஷமாக நீலக் குளவி. அந்த முகமூடிக்குள் இருப்பது யார் என்று இந்த ஊரில் உன்னையும் பயிற்சியாளரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் அவர் ஒரு ஞாயிறு தவறாமல் வருவார். ரயில்வே தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளவிக்காகக் கத்துவார். வீட்டுக்கு வந்து, நான் ஊற்றும் சூப்பைக் குடித்துக்கொண்டே குளவி போட்ட பிடிகளை எனக்கே சொல்லிக்கொடுப்பார். சிரிப்பை அடக்க நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று வருஷம்தான்.

அன்று உனக்கு முதல் தடவை மைக் கொடுத்தார்கள். பத்தொன்பது வயது. "இந்த மூலையில் நீலக் குளவி" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "அம்பாரோ சிஸ்நேரோஸ்" என்று சொன்னாய். இந்தத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து எந்த அறிவிப்பாளனும் செய்யாத காரியம். அப்பாவின் கை தட்டிய நிலையிலேயே நின்றுவிட்டது. தொப்பியைத் தலையில் வைத்தார். ஆட்களை விலக்கிக்கொண்டு போனார். ஊரான் பெண் என்றால் கைதட்டலாம், தன் பெண் என்றால் மானக்கேடு. நான் வீட்டுக்குப் போனபோது என் கட்டில் தெருவில் கிடந்தது. அதன் பிறகு சாகும் வரை பதின்மூன்று வருஷம் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் "அந்தப் பொண்ணு" என்பார்.

பயத்தில் வாய் தவறிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பியும் மன்னிக்க மனம் வரவில்லை. இப்போது மறுபடியும் அந்த வாயால் என் பெயரைச் சொல்கிறேன் என்கிறாய். வேண்டாம்.

கறுப்பு மாலுமி கதையை எனக்கு எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்கு உன் தொண்டை கட்டியிருந்தது. தேன் குடிக்கிற வயதில் பீர் குடித்தால் அப்படித்தான் ஆகும்.

அம்பாரோ

---

மெக்சிகோ நகரம்
நவம்பர் 2, 1986

அன்புள்ள அக்கா,

என் தொண்டை கட்டியிருந்தது உனக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு ரேடியோவில் ஒலிபரப்புகிறார்களே, அதைக் கேட்கிறாய்! கடிதத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே கேட்டிருக்கிறாய்! உன் கடிதத்தை நான் பத்துத் தடவை படித்தேன், அதில் ஒன்பது தடவை அந்தக் கடைசி வரிகளை மட்டும். நான் பீர்தான் குடித்திருந்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

இன்று இறந்தவர்களின் நாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் சாமந்திப் பூவும் ரொட்டியும் அவருக்குப் பிடித்த வறுத்த கடலையும் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொய் எழுத வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அக்கா, அன்று எனக்கு வாய் தவறவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

நான் கோதாவின் ஓரத்தில் மைக் வரக் காத்து நின்றேன். அப்பா மூன்றடி தூரத்தில் இருந்தார். நீ ஓடி வந்து கயிற்றைத் தாண்டிக் குதித்ததும் அவர் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னார்: "பாருய்யா, எப்படி வந்து நிக்கறா! இவளைப் பெத்த அப்பன் எவனோ, குடுத்து வச்சவன்!" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. அந்தக் குடுத்து வைத்தவன் நீதானப்பா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அதே நொடி என் கையில் மைக்கைத் திணித்தார்கள். மீதி உனக்குத் தெரியும்.

அவர் ஓடி வந்து உன்னைத் தூக்கிக்கொள்வார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

முகமூடியைக் காட்டிக்கொடுத்த அறிவிப்பாளனுக்கு இந்த நாட்டில் யாரும் மைக் தரமாட்டார்கள். மல்லர்கள் பல்லை உடைத்துத்தான் அனுப்புவார்கள். "சின்னப் பையன், வாய் குழறிட்டான்" என்று பயிற்சியாளர் சொன்னார், நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலின் மேல்தான் என் இருபத்தெட்டு வருஷப் பிழைப்பும் நிற்கிறது. இந்தக் கடிதத்தை நீ ஆணையத்தில் கொடுத்தால் மறுநாளே என் கோட்டைக் கழற்றிவிடுவார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

ருத்திலியோ

---

தொர்ரெயோன்
நவம்பர் 30, 1986

ருத்திலியோ,

நீ வேண்டுமென்று சொன்னதற்காக எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. எள்ளும் கொள்ளும் முகத்தில் வெடிக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் வேறு. அப்பா அப்படி ஒரு வார்த்தை சொன்னார் என்பதை இருபத்தெட்டு வருஷம் நீ மட்டும் வைத்துக்கொண்டிருந்தாய்.

கடிதங்களைத் திருப்பி அனுப்பினாயே என்பாய். உறை மேல் எழுதத் தெரிகிறதே உனக்கு, இதை எழுதியிருக்கலாமே!

அன்று அவர் வேறு என்ன சொன்னார்? ஒன்று விடாமல் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

அம்பாரோ

---

மெக்சிகோ நகரம்
ஜனவரி 17, 1987

அன்புள்ள அக்கா,

அதைச் சொல்வதற்கு முன் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். தடை போய்விட்டது. உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. மார்ச் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை, பெண்கள் போட்டி வைக்கிறார்கள். போட்டி நடத்துகிறவர் என்னைக் கூப்பிட்டு, "வடக்குல அந்தப் பழைய முரடி இருக்காளே, சிஸ்நேரோஸ், உனக்கு ஏதாவது உறவா?" என்று கேட்டார். "ஊர்க்காரங்க" என்றேன். என் வாய் அவ்வளவு தூரம் திருந்தியிருக்கிறது.

அதோடு, அந்த வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு வேண்டும், நபோர் அறிவிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன். நபோர் என் கீழ் ஆறு வருஷமாக இருப்பவன், நல்ல குரல். "பைத்தியமாய்யா உனக்கு? முப்பது வருஷத்துக்கு அப்புறம் முதல் நாள், அன்னைக்கா லீவு?" என்று கத்தினார். நீ வேண்டாம் என்றாய். நான் வேண்டாம் என்றேன். அவ்வளவுதான்.

அப்பா சொன்னது. கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சரக்கு ரயில் ஓட்டும் ஒரு மீசைக்காரர். அப்பா அவரிடம், "இப்ப பாரு, இடது காலைத்தான் முதல்ல வைப்பா" என்றார். நீ இடது காலை வைத்ததும், "சொன்னேன்ல!" என்று அவர் தொடையில் அடித்தார். "பயமே கிடையாதுய்யா இவளுக்கு. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, கோழி அறுத்தாலே ஓடிப்போயிடும்" என்றார். கோழி அறுக்கும் நாளில் நீ பயிற்சிக்கு ஓடுவது அவருக்கு எங்கே தெரியும்? அதற்குப் பிறகுதான் குடுத்து வைத்தவன் என்று சொன்னது. நினைவில் இருப்பது இவ்வளவுதான். ஒன்றும் கூட்டவில்லை.

ருத்திலியோ

---

தொர்ரெயோன்
மார்ச் 2, 1987

ருத்திலியோ,

அழைப்பு வந்தது. ஒப்புக்கொண்டேன். சுலேமா என்று இருபத்துமூன்று வயதுப் பெண். முடிக்கு முடி பந்தயம். தோற்றவள் அங்கேயே மொட்டை. என்னிடம் பந்தயம் வைக்க இப்போது முகமூடியா இருக்கிறது? யார் ஜெயிப்பது என்பதைப் பற்றி நம் தொழிலில் யாரும் காகிதத்தில் எழுதுவதில்லை, நானும் எழுதமாட்டேன். மக்காரியோ மட்டும் என் தலையைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

எனக்கு ஐம்பத்தோரு வயது. மாட்டுச் சந்தையில், பள்ளிக்கூட மைதானத்தில், புழுதிக்காற்றில் கண் தெரியாமல் எல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இந்த ஒரு இடத்தை நினைத்தால் தூக்கம் போய் நடுராத்திரியில் எழுந்து மாவு பிசைகிறேன். அங்கே நின்று பார்த்தால் எப்படி இருக்கும்? நீ இருபத்துநாலு வருஷமாக நிற்கிறாயே, சொல். உன்னை விட்டால் கேட்க எனக்கு ஆள் இல்லை, அதற்காகத்தான் கேட்கிறேன்.

உன் நவம்பர் கடிதத்தையும் பையில் வைத்துக் கொண்டுவருகிறேன். ஆணையத்தின் அலுவலகம் அரங்கத்துக்குப் பக்கம்தான் என்றார்கள்.

அம்பாரோ

---

மெக்சிகோ நகரம்
மார்ச் 12, 1987

அன்புள்ள அக்கா,

கோதா எல்லா ஊரிலும் இருக்கிற அளவுதான். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர். கிழக்கு மூலையில் பலகை சற்று இறங்கும், அங்கே ஊன்றிக் குதிக்காதே. மேல் கயிறு நம் ஊரைவிட இறுக்கம்.

ஆனால் தலையை மட்டும் முதலில் தூக்காதே. நடுவுக்கு வந்து, மூச்சு விட்டு, பிறகு தூக்கு. முகங்கள் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும், முடிவே தெரியாது. சத்தம் காதில் விழாது, விலா எலும்பில் விழும். நான் முதல் நாள் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டிய பெயரையே மறந்து ஐந்து நொடி நின்றேன். இன்று வரை ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பயம் வருகிறது. வராத அன்று நான் நிறுத்திக்கொள்வேன். கோயிலில்கூட எனக்கு இப்படி ஆனதில்லை, அக்கா. பாதிரியாரிடம் சொல்லிவிடாதே.

டிக்கெட் வாங்கிவிட்டேன். வடக்குப் பக்கம், பன்னிரண்டாவது வரிசை, படிக்கட்டு ஓரம். உடை மாற்றும் அறைப் பக்கம் வரமாட்டேன். கடிதத்தை நீ யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடு. போட்டி முடிந்த பிறகு கொடு, அது மட்டும் என் வேண்டுகோள். அதற்கு முன்னால் கொடுத்தால் என்னை உள்ளேயே விடமாட்டார்கள், நான் உன்னைப் பார்க்க முடியாது.

ருத்திலியோ

---

மெக்சிகோ நகரம்
மார்ச் 29, 1987

அன்புள்ள அக்கா,

இரண்டு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். வாயால் பிழைக்கிறவனுக்கு வார்த்தை வரவில்லை.

டிக்கெட் எடுத்து உட்கார்ந்து நான் ஒரு போட்டியைப் பார்த்தே முப்பது வருஷம் ஆகிறது. கோட்டு இல்லாததால் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பருத்த அம்மாள், கையில் வறுத்த பன்றித்தோல் பொட்டலம், தொண்டை என்னுடையதைவிடப் பெரியது. விளக்குகள் அணைந்து ஒன்று மட்டும் எரிந்தது. நபோர் நடுவில் வந்தான். "மூன்று வீழ்ச்சியில் இரண்டு! நேர வரம்பு கிடையாது!" நான் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். கீழே உட்கார்ந்து கேட்டால் அது வேறு வாக்கியம், அக்கா. கை ரோமம் எழுந்து நின்றது. "தொர்ரெயோனிலிருந்து, அம்பாரோ... சிஸ்நேரோஸ்!" என்றான். நன்றாகவே சொன்னான். என் உதடும் கூடவே அசைந்தது. சத்தம் வரவில்லை, அதற்கு நான் பொறுப்பு.

நீ வந்தாய். என் பக்கத்து அம்மாள், "ஏய் கிழவி, வீட்டுல பேரப்புள்ளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கறதுதானே!" என்று கத்தினாள். நீ கயிற்றில் சாய்ந்துகொண்டு, "அதையும் இங்க கொண்டு வாடி, உன்னையும் சேர்த்துத் தொட்டில்ல போட்டு ஆட்டறேன்!" என்றாய். மைக்கே இல்லாமல் பன்னிரண்டாவது வரிசை வரை கேட்டது. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த அம்மாள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

முதல் வீழ்ச்சியில் ஜெயித்தது நீ. இரண்டாவதில் அவள். மூன்றாவதைப் பற்றி நான் எதை எழுத? அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. நீ இரண்டு தடவை அவளைச் சாய்த்தாய், இரண்டு தடவையும் அவள் தோளைத் தூக்கினாள். அவள் மேல் கயிற்றிலிருந்து பாய்ந்ததை நீ பார்த்துக்கொண்டேதான் நின்றாய். நடுவர் மூன்று எண்ணி முடித்ததும் எனக்குப் பின்னால் ஒருவன், "ஐயோ, நம்ம கிழவி!" என்றான். அரை மணி நேரத்தில் அவர்களுக்கு நீ நம்ம கிழவி ஆகிவிட்டாய்.

நாற்காலி போட்டார்கள். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். கத்தரி பட்டு உன் முடி விழுந்தது. இவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எல்லாம் முடிந்து நபோர் வெற்றி பெற்றவளின் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். நீ எழுந்து போய் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாய். முடி இழந்தவர்கள் பேசுவது வழக்கமே இல்லை. அவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, கொடுத்துவிட்டான்.

நீ முழங்காலிட்டாய்.

"என் பேரு அம்பாரோ சிஸ்நேரோஸ். பொறந்த ஊரு தொர்ரெயோன். முப்பத்திரண்டு வருஷமா சண்டை போடறேன். முதல் மூணு வருஷம் நான் நீலக் குளவி. என் முகமூடியை ஒருத்தியும் கோதாவுல ஜெயிச்சு எடுத்ததில்லை. இன்னைக்கு இந்தப் பொண்ணு ஜெயிச்சிருக்கா. அவளுக்கே குடுக்கறேன்."

நான் நாற்பது தடவை மைக் பிடித்தேன் என்று எழுதினேனே, நாற்பதும் ஒன்றும் இல்லை. இல்லாத ஒரு முகமூடியை நீ இரண்டு கையாலும் தலையிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாய். பதினாறாயிரம் பேரும் அதைப் பார்த்தார்கள். தெற்குப் பக்கம் வடக்கத்திய தொப்பி வைத்த நாலைந்து கிழவர்கள் எழுந்தார்கள், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்கள். அவர்கள் குளவியைப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். அதன் பிறகு எழாதவர் இல்லை. அந்தக் கூரை எப்படித் தாங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் குழந்தை மாதிரி அழுதேன்.

பக்கத்து அம்மாள் கன்னமெல்லாம் ஈரமாக என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாருய்யா அந்தம்மா? உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவங்களே சொல்லிட்டாங்களேம்மா" என்றேன்.

ருத்திலியோ

---

தொர்ரெயோன்
ஏப்ரல் 11, 1987

தம்பி,

தலை குளிர்கிறது. கடையில் துணி கட்டிக்கொண்டு நிற்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன் என்கிறார்கள். தொட்டால் கூடுதலாக ஒரு கொர்திதா வாங்க வேண்டும் என்று மக்காரியோ சட்டம் போட்டிருக்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் வடக்குப் பக்கம் பன்னிரண்டாவது வரிசையைத்தான் தேடினேன். அந்தக் குண்டம்மா உன்னை உலுக்கியதும் தெரிந்தது, நீ ஏதோ சொன்னதும் தெரிந்தது. போச்சு, மறுபடியும் வாயைத் திறந்துவிட்டான், "எங்க அக்கா" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். அந்தக் கோபத்திலேயே மறுநாள் காலை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆணையத்தின் வாசல் வரை போனேன். சனிக்கிழமை, பூட்டியிருந்தது. "திங்கக்கிழமை வரைக்கும் இருப்போமா?" என்று மக்காரியோ கேட்டார். பஸ் ஏறிவிட்டேன். நீ என்ன சொன்னாய் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. கடையைப் பூட்டிவிட்டு அந்த ஒரு வரியைப் படித்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, அது எனக்கே தெரியாது. அந்தக் கட்டில் தெருவில் கிடந்ததை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் ஜூன் ஏழாம் தேதி, ஞாயிறு, இங்கே எனக்குச் சண்டை இருக்கிறது. அறிவிப்பாளருக்குப் பல் கட்டியிருக்கிறார்கள், விசில் அடிக்கிறது. நீ வா. பெயரை மட்டும் சொல். கூட ஒரு வார்த்தை சேர்த்தாயானால் கயிற்றுக்கு மேலே தூக்கி எறிவேன், முதல் வரிசையில் போய் விழுவாய்.

அந்த நவம்பர் கடிதம் பத்திரமாக இருக்கிறது. ஆணையத்துக்குக் கொடுக்கமாட்டேன், பயப்படாதே. உனக்கும் திருப்பி அனுப்பமாட்டேன். அப்பா என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அதில்தான் இருக்கிறது.

அக்கா